உப்பு உள்ளே வந்த வழி

பழவேற்காட்டுக் கரை வரலாறு – 14

1965 என்றதும் தமிழ்நாட்டில் மொழிப்போர்தான் முதலில் நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு பாகிஸ்தானுடன் நடந்த சண்டை. அன்றைக்கு அரிசிக்கு வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள்: வானம் பொய்த்த வருஷம். அடுத்த வருஷமும் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு உலை வைத்த காலம் அது. பி.எல். 480 சட்டப்படி வந்த அந்தக் கோதுமையையும் அதிபர் லிண்டன் ஜான்சன் மொத்தமாக அனுப்பவில்லை. மாதக் கணக்கில் அளந்து அளந்துதான் விட்டார். 1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்றதற்கு இந்தி ஒரு காரணம் என்றால் அரிசி இன்னொரு காரணம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னது அதனால்தான் வீடு வீடாக எடுபட்டது.

டச்சுக்காரர்கள் 1825இல் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனதையும், பிறகு பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஓடி ஓய்ந்ததையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இந்தக் கதையில் லிண்டன் ஜான்சனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. பொன்னேரி வட்டாரத்துக் கிணறுகளில் உப்பு ஏறியதன் தொடக்கத்தைத் தேடிப் போனால் வழி அந்தக் கோதுமைக் கப்பலில்தான் போய் நிற்கிறது.

1965 நவம்பரில் இந்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் ரோம் நகரில் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கோதுமை வேண்டுமானால் இந்தியா விவசாயத்தில் பணத்தைக் கொட்ட வேண்டும். புது விதை, அதற்கு வேண்டிய ரசாயன உரம், உரத் தொழிலில் வெளிநாட்டு முதலீட்டுக்கு இடம். அடுத்த மாதமே, டிசம்பர் 30இல், மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் பிறந்தது. மத்திய அரசோடு அமெரிக்காவின் அமோகோ எண்ணெய் நிறுவனமும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் அதில் பங்காளிகள். 1966 டிசம்பரில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், அதிலும் அமோகோ. இரண்டும் எழுந்த இடம் மணலி. பசிக்கு மருந்து உரம், உரத்துக்கு நாஃப்தா, நாஃப்தாவுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு ஆலைகளுக்கும் வேண்டிய தண்ணீர் மட்டும் மணலியில் இல்லை.

புழல், சோழவரம், 1944இல் கட்டிய பூண்டி ஆகிய ஏரிகளை நம்பியிருந்த சென்னைக்கே தண்ணீர் போதாத நேரம். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1966 முதல் 1969 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடையில், மண்ணுக்கு அடியில் தடிமனான மணல் படுகை இருப்பது தெரிந்தது. பாலாறு ஒரு காலத்தில் இந்தப் பக்கமாக ஓடிக் கடலில் விழுந்தது, அதன் புதைந்த தடம்தான் இது என்று நிலவியலாளர்கள் சொல்வார்கள். அள்ள அள்ள ஊறும் தண்ணீர். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய மூன்று இடங்களில் வரிசையாகக் குழாய்க் கிணறுகள் இறங்கின. 1969 வாக்கில் மோட்டார் ஓடத் தொடங்கியது. மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் அங்கிருந்து தண்ணீர் போயிற்று. அதே படுகையிலிருந்துதான் மீஞ்சூர், பொன்னேரி விவசாயிகளும் மூன்று போகத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். புது ரக நெல் அதிகத் தண்ணீர் கேட்கும் ரகம். பம்ப்செட்டுக்குக் கடன் எளிதாகக் கிடைத்தது. ஆக, படுகையில் இரண்டு பக்கமும் உறிஞ்சு குழல்.

கடற்கரையில் நன்னீர் எப்படி நிற்கிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குப்பத்துப் பெண்களுக்கு இது பாடம் எடுக்காமலே தெரியும். கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் உள்ள மணல் திட்டில் இடுப்பளவு ஊற்றுத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வரும். பேராசைப்பட்டு இன்னும் ஆழமாகப் போனால் உப்பு. அதனால் ஆழமாகத் தோண்டமாட்டார்கள். ஊறும் வரை காத்திருந்து சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மழைநீர் கனம் குறைந்தது, கடல்நீர் கனம் கூடியது. ஒன்று மற்றதன்மேல் மிதக்கிறது. 1888இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னவர் படோன் கைபன் என்ற டச்சு ராணுவப் பொறியாளர். அவருடைய நாட்டுக்காரர்கள் 200 வருஷம் பழவேற்காட்டில் வியாபாரம் செய்து, எலும்புக்கூடு செதுக்கிய வாசல் வைத்த ஒரு கல்லறைத் தோட்டத்தை நமக்கு விட்டுவிட்டுப் போனவர்கள். அந்தக் கணக்கு இதுதான்: கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம் வரை உப்பைத் தள்ளி நிறுத்தும். மேலே 1 மீட்டர் இறங்கினால், கீழே 40 மீட்டர் உப்பு ஏறும்.

மீஞ்சூரில் இறங்கியது 1 மீட்டர் அல்ல. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போயிற்று. அப்புறம் கடல் உள்ளே வர யார் அனுமதியும் தேவைப்படவில்லை. 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்பு, 1980களில் 7, 9 என்று நகர்ந்தது. பிந்தைய ஆய்வுகள் 13 கிலோமீட்டருக்கும் மேல் என்கின்றன. வெள்ளம் போலவோ புயல் போலவோ இது ஒரே ராத்திரியில் தெரியாது. பக்கத்துக் கிணற்றில் பருப்பு வேகவில்லை என்று முதலில் பேச்சு வரும். சோப்பு நுரைக்காது. சோறு மஞ்சளாக வடியும். தென்னை குரும்பையை உதிர்க்கும். அப்புறம் ஒரு கோடையில் நாற்றங்காலின் ஓரம் வெள்ளையாகப் பூக்கும். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. அதற்குள் உழவனுக்குக் கிணறு போயிருக்கும். அதை ஆழப்படுத்துவதற்கு வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

இங்கே நடந்த அத்தனையும் முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன்பே கலிஃபோர்னியாவில் நடந்து முடிந்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் தென்மேற்கே கடலை ஒட்டிய நிலத்துக்கு வெஸ்ட் பேசின் என்று பெயர். டொரன்ஸ், ஹாதார்ன், இங்கிள்வுட் போன்ற சிற்றூர்கள். எல் செகுண்டோவில் ஸ்டாண்டர்ட் ஆயிலின் பெரிய சுத்திகரிப்பு ஆலை. அங்கேயும் மணல் படுகை; அங்கேயும் ஊராட்சி, ஆலை, தண்ணீர் கம்பெனி எல்லோரும் அவரவர் கிணற்றில் அவரவர் மோட்டார். இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தொழிற்சாலைகள் பெருகின, இறைப்பும் பெருகியது. பசிஃபிக் கடல் கிணறுகளுக்குள் வந்தது. கடலோரக் கிணறுகளை ஒவ்வொன்றாக மூட வேண்டியதாயிற்று.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1945இல் ஒரு தண்ணீர் கம்பெனி வழக்குப் போட்டது. நூற்றுக்கணக்கான பிரதிவாதிகள், கிணறு வைத்திருந்த பெரும்பாலோரும் கட்சிக்காரர்கள். 1946இல் எல்லோருமாக ஒரு சங்கம் அமைத்தார்கள். கூடி உட்கார்ந்து, யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்ற கணக்கை மேசைமேல் வைத்தார்கள். நீதிமன்றம் நியமித்த நடுவர், இப்போது எடுப்பதில் பெரும்பகுதியை நிறுத்தினால்தான் படுகை பிழைக்கும் என்றார். அந்த அளவு வெட்டுக்கு ஒருவரும் தயாரில்லை. பேரம் நடந்தது. எல்லோருமாகக் கொஞ்சம் குறைப்பது, 80 சதவீத நீர் உரிமையை வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடும் வரை ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று ஒரு ஷரத்து வைத்தார்கள். நான் மட்டும் குறைத்து அடுத்தவன் அள்ளிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு அதுதான் பதில். 1955இல் இடைக்கால ஒப்பந்தம், 1961இல் தீர்ப்பு. ஹாதார்ன் ஊர் கடைசி வரை முரண்டு பிடித்தது, அது தனிக் கதை. நடுநிலையான ஓர் அதிகாரி ஆண்டுதோறும் ஒவ்வொருவர் மீட்டரையும் படித்து, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்புவார். திருட்டுத்தனமாக இறைத்தால் பக்கத்துக்காரனுக்கே தெரிந்துவிடும். கூடவே கடற்கரை நெடுக வரிசையாகக் கிணறு தோண்டி, இறைப்பதற்குப் பதிலாக நன்னீரை உள்ளே செலுத்தினார்கள். நிலத்துக்கடியில் தண்ணீராலேயே ஒரு கரை. கடல் அந்த இடத்தில் நின்றது.

புகழ்ந்து முடித்துவிடவும் கூடாது. உள்ளே செலுத்திய தண்ணீர் எங்கிருந்து வந்தது? கொலராடோ ஆற்றிலிருந்து, 1941இல் ஓடத் தொடங்கிய கால்வாய் வழியாக. அணைகளும் கால்வாய்களும் சேர்ந்து உறிஞ்சியதில் அந்த ஆறு பெரும்பாலான வருஷங்களில் கடலைப் போய்ச் சேர்வதில்லை. மெக்ஸிகோவில் அதன் முகத்துவாரத்தில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்து வாழ்ந்த குகாபா பழங்குடிகளின் கழிமுகம் வறண்டு போயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் கடலோரத்தைச் செப்பனிட்ட செலவில் ஒரு பகுதி அந்த மீனவர்கள் தலையில்தான் விழுந்தது. நம் கதையிலும் இதே இடம் வரப்போகிறது.

வெஸ்ட் பேசின் சங்கத்தின் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்த ஒரு மாணவி இருந்தார். எலினார் ஆஸ்ட்ரம். கணக்கு போதாது என்று பொருளாதாரத் துறையில் இடம் தராததால் அரசியல் அறிவியல் படிக்கப் போனவர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, சுருக்கமாக யூ.சி.எல்.ஏ.வுக்கு, இந்தப் படுகையைப் பற்றி அவர் ஆய்வேடு தந்த ஆண்டு 1965. பொதுச் சொத்தை அரசாங்கமோ தனி முதலாளியோ எடுத்துக்கொண்டால்தான் பிழைக்கும் என்ற அன்றைய எண்ணத்தை வாழ்நாள் முழுக்க மறுத்தார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய முதல் பெண் அவர்தான். கணக்கு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட அதே பாடத்தில்.

அதே யூ.சி.எல்.ஏ.வில் இன்னொரு கட்டடத்தில் இன்னொரு வேலை நடந்தது. சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிலிருந்து போன ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்பவரும் 1950களின் இறுதியில் ஒரு மெல்லிய சவ்வை உருவாக்கினார்கள். உப்பு நீரை அழுத்தித் தள்ளினால் தண்ணீரை மட்டும் விட்டு உப்பை நிறுத்தும் சவ்வு. இன்று வீட்டுக்கு வீடு சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. பெட்டியின் பாட்டன் அது. அதை முதன்முதலில் ஓர் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கப் பயன்படுத்தியதும் 1965தான், கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அந்த ஊருக்குக் குடிநீர் பல காலம் ரயிலில் வந்துகொண்டிருந்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டனவே, அந்தக் காட்சி கோலிங்காக்காரர்களுக்குப் புதிதல்ல.

ஆக, ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு மருந்துகள் வெளிவந்தன. ஒன்று இயந்திரம். மற்றது, தண்ணீர் எடுப்பவர்கள் கூடி உட்கார்ந்து கணக்கை வெளியே வைத்துப் பங்கு பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. முதலாவதை நாம் வாங்கினோம். 2010 ஜூலை 31 அன்று மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். நிலத்தடித் தண்ணீரில் கடலைக் கலக்க விட்ட அதே வட்டாரத்தில், கடலிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் ஆலை. வட சென்னைக்கு அது பேருதவி, அதில் சந்தேகமில்லை. தாகத்தோடு குடத்தை வைத்துக்கொண்டு நின்றவர்களிடம் போய் நிலவியல் பேச முடியாது. ஆனால் உறிஞ்சும் கடல்நீரில் பாதிக்கு மேல் அடர்ந்த உப்புக் கரைசலாகத் திரும்பக் கடலுக்கே போகிறது. அது போகும் இடம் காட்டுப்பள்ளி மீனவர்கள் வலை போடும் கரைக்கடல். குகாபா மீனவர்களைச் சற்று முன் பார்த்தோம்.

இரண்டாவது மருந்தை நாம் வாங்கவில்லை. அப்படி ஒன்று நமக்குத் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. ஏரி மீனவர்கள் அதைப் பல தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

பழவேற்காட்டு ஏரியில் மீன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில்தான் இறால் அதிகம். கடலிலிருந்து குஞ்சாக உள்ளே வந்த வெள்ளை இறால், ஏரியில் வளர்ந்து, மழைக்காலத்தில் திரும்பப் போகும் வழி அது. அந்த இடத்தில் வலை கட்டுகிறவனுக்கு ஒரே ராத்திரியில் ஒரு மாதச் சம்பாத்தியம். அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கட்டுகிறவனுக்கு நாலு மடவை. விட்டால் வெட்டுக்குத்து. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஊர்களின் பட்டினவ மீனவர்கள் இதற்குக் கண்ட வழிதான் பாடு. வலை கட்டத் தோதான இடங்களுக்கு எல்லை வகுத்துப் பெயர் வைத்தார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஊர்க் கணக்கில் ஒரு தலைக்கட்டு. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்பதை முறைவைத்துப் பிரித்தார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றி வரும். மோசமான இடமும் சுற்றி வரும். முறை தப்பி வலை கட்டினால் ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம். தண்ணீருக்குப் பட்டா கிடையாது, மீட்டர் கிடையாது. பக்கத்துப் படகில் இருப்பவன் கண்தான் மீட்டர். துருக்கியில் அலன்யா என்ற ஊர் மீனவர்கள் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்து, நாளுக்கு ஓர் இடமாக நகர்ந்துகொண்டே போவதை ஆஸ்ட்ரம் தன் புத்தகத்தில் வியந்து எழுதியிருக்கிறார். அந்த வழக்கம் கோட்டைக்குப்பத்துக்காரர்களுக்கு வியப்பாக இருந்திருக்காது.

பாடு முறையை இப்படிச் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான். தலைக்கட்டுக் கணக்கில் பட்டினவர் மட்டும்தான் வருவார்கள். அதே ஏரியில் மீன் பிடிக்கும் தலித் குடும்பங்களுக்கு முறையில் இடமில்லை. சேற்றில் உட்கார்ந்தபடி நகர்ந்து, கையால் தடவி இறால் எடுத்துப் பறியில் போடும் இருளர் பெண்களுக்கும் இல்லை. இறால் ஏற்றுமதி சூடு பிடிக்கும் வரை இது பெரிய சண்டையாக வெடிக்கவில்லை. 1970களுக்குப் பிறகு இறால் டாலராக மாறியது, நைலான் வலை வந்தது, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்காக இடம் பெயர்ந்தவர்களும் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். எங்களுக்கும் முறை வேண்டும் என்று மற்றக் குப்பங்கள் கேட்கத் தொடங்கின. நியாயமான கேள்வி. பஞ்சாயத்தில் தீராத வழக்கு திருப்பாலைவனம் காவல் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். பழவேற்காட்டுக் குப்பங்களின் தகராறு என்றால் இன்றும் பேப்பரில் வரும் முதல் வரியில் திருப்பாலைவனம் போலீசார் இருப்பார்கள்.

குறையோடு கூடிய ஏற்பாடுதான். இருந்தும் ஏரியில் யார், எங்கே, எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்கூட எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று அறிந்திருந்தார்கள். நிலத்தடி நீரில் அந்த வாசலே கிடையாது. மீஞ்சூர் உழவனும் மணலி ஆலையும் சென்னைக் குடிநீர் வாரியமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நீ இவ்வளவு நான் இவ்வளவு என்று பேசிய நாள் ஒன்றுகூடக் கிடையாது.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இல் வந்தது. கிணறு தோண்டவும் லாரியில் தண்ணீர் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும் என்றது. அனுமதி கொடுப்பது அதிகாரி. மனு போடுவது குடிமகன். அவ்வளவுதான் உறவு. 2003இல் மாநிலம் முழுமைக்கும் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றி, நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருந்து, 2013இல் ரத்து செய்தார்கள். 2000களின் தொடக்க வறட்சியில் குடிநீர் வாரியம் இந்தப் படுகையின் விவசாயக் கிணறுகளையே வாடகைக்கு எடுத்தது. நெல் போடுவதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று கிணற்றுக்காரர்கள் விற்றார்கள். கிணறு இல்லாத பக்கத்து வயல்காரனுக்கும் நடவுக்குப் போகும் கூலிப் பெண்ணுக்கும் அதில் ஒரு பைசா வரவில்லை. சில ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. மழை வந்ததும் எல்லோரும் மறந்தார்கள். மழை வந்தால் மறப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

உப்பேறிய நிலத்தில் இறால் பண்ணை போட்டால் பணம் என்று ஒரு கூட்டம் வந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைகள் கூடாது என்ற அந்தத் தீர்ப்பு, சிலிகா ஏரியையும் பழவேற்காட்டு ஏரியையும் பெயர் சொல்லி, அவற்றைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது. நாகப்பட்டினத்துப் பக்கத்தில் கிளம்பிய போராட்டம் நம் ஏரிக்கும் காவல் போட்டது. பிறகு 2005இல் வந்த சட்டம் அந்தக் காவலைத் தளர்த்தியது.

நன்றாக நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். மணலியின் அதே இரண்டு ஆலைகள் 1990களின் தொடக்கத்திலேயே சென்னையின் சாக்கடை நீரை வாங்கிச் சுத்திகரித்துத் தொழிலுக்குப் பயன்படுத்தத் தொடங்கின. எல் செகுண்டோவில் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் பெரிய நிலையம் ஓடத் தொடங்கியது 1995இல்தான். இதில் மணலி முந்தியது, யாரும் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை என்றாலும். 2003இல் ஜெயலலிதா அரசு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு நகரத்தின் கிணறுகளுக்கு உயிர் கொடுத்தது. ஆரணியாற்றில் ரெட்டிப்பாளையம் போன்ற இடங்களில் தடுப்பணைகள் வந்தன. அவற்றைச் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு சற்றுப் பின்வாங்கியது.

தடுப்பணைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை ஏரிக்காரர்கள் கேட்டால்தான் சொல்வார்கள். முகத்துவாரத்தை மணல் மூடுவதும் வெள்ளம் வந்து உடைத்துத் திறப்பதும் பழைய வழக்கம். பிச்சாட்டூர் அணையில் தொடங்கி வழிநெடுகத் தண்ணீரை நிறுத்தி, ஆரணியாற்றில் ஏரி வரை வரும் வெள்ளம் குறைந்தால், மணலைத் தள்ள ஆளில்லை. முகத்துவாரம் அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. உழவனுக்கு நன்மை செய்யும் தடுப்பணை மீனவனுக்கு வேறு கணக்கு. முகத்துவாரத்தில் மணல் சேராமல் இருக்க நிரந்தரக் கல் சுவர்கள் கட்ட அரசு 26.85 கோடி ரூபாய் ஒதுக்கியது. கட்டுவது நல்லதுதான். அந்த முகத்துவாரம் நிலைத்து நிற்க ஆற்றில் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு வெள்ளம் ஏரிக்கு வந்தாக வேண்டும் என்ற கேள்வியை மீனவரும் உழவரும் நீர்வளத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் அவைதான் இன்னும் அமையவில்லை.

நிலத்தடி நீர் அளவும் உப்பின் அளவும் ரகசியமல்ல. மாநில நிலத்தடி நீர்ப் பிரிவும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் இந்த வட்டாரத்தில் ஆய்வுக் கிணறுகள் வைத்து அளக்கின்றன. அந்த எண்கள் அறிக்கைகளில் இருக்கின்றன. ஊராட்சி அறிவிப்புப் பலகையில் இல்லை. வெஸ்ட் பேசினில் ஆண்டுதோறும் அச்சிட்டு வீடு தேடி அனுப்பிய காகிதத்தில் இருந்ததும் இதே மாதிரி எண்கள்தான். 2022 முதல் தமிழ்நாட்டில் மார்ச் 22, உலக தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூட்ட வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. மீஞ்சூர், பொன்னேரி, திருப்பாலைவனம், பழவேற்காடு பக்கத்து வாசகர்கள் அந்த நாளில் போய் உட்காருங்கள். நம் ஊர் ஆய்வுக் கிணற்றில் இந்த வருஷம் நீர்மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, நம் படுகையிலிருந்து யார் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு இருளர் காலனியிலிருந்தும் ஆள் வந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அத்தியாயத்தில் எண்ணூர்த் துறைமுகம், 2001.

(தொடரும்)